சரியான விடை

உடைந்த இடத்தை அடைத்தாயிற்று.
தொடை வழியே ஏறிப்போன ப்ளாட்டினம் இழை
மூளையின் அடியில், பட்டாணி அளவுப் புடைப்புக்குள்
சுருண்டு படுத்துக்கொண்டது.
"அப்படியானால் முடிந்ததா?" என்கிறாள் எய்லா,
கோட்டைக் கழற்றாமலே.

பாதிக் கிணறு, எய்லா.
சிந்திய ரத்தம் சும்மா இருக்காது.
வெளியே கிடந்து, கெட்டு,
தான் ஓடிய குழாய்களையே இறுக வைக்கும்.
நான்காம் நாள் தொடங்கலாம்,
பதினான்கு வரை நம்ப முடியாது.
தொடங்காமலும் போகலாம்.
எதற்கும் நாங்கள் விழித்திருப்போம்.

குவோபியோவில் நவம்பர்.
மூன்றரைக்கே இருட்டு.
ஜன்னலுக்குக் கீழே ஏரி
கரையிலிருந்து உறையத் தொடங்கியிருக்கிறது;
நடுவில் இன்னும் கறுப்பாய் ஒரு நீர்த்தடம்.
இரவுப் பணிக்கு வரும்போதெல்லாம்
அதன் அகலத்தைப் பார்க்காமலிருக்க முயல்கிறேன்.

நான்கு மணிக்கொரு முறை மாத்திரை.
இரண்டு, ஆறு, பத்து; மறுபடி இரண்டு, ஆறு, பத்து.
இருபத்தொரு நாள்.
தூங்குகிறவனைத் தட்டி எழுப்பி விழுங்கவைக்கும் பாவத்தை
என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.
உள்ளே போகும் நீர் எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு,
உப்பு எவ்வளவு.
மூளை நொந்தால் உடம்பு உப்பைச் சிறுநீரில் கொட்டிவிடும்,
சொத்து கைக்கு வந்த ஊதாரி மாதிரி.
தலையிலிருந்து இறங்கும் குழாயில்
இளஞ்சிவப்பாய்ச் சொட்டுகிறது நீர்.
பையை உயர்த்தக் கூடாது, தாழ்த்தக் கூடாது;
கட்டிலை அசைக்குமுன் குழாயை மூட வேண்டும்.
செருப்பு மாட்டுவதைவிட
இதை அதிகம் செய்திருக்கிறேன்.

பிறகு கேள்விகள். மணிக்கொரு தரம்.
உங்கள் பெயர்?
"வெய்யோ."
எங்கே இருக்கிறீர்கள்?
"நீ தூங்கவிடாத இடத்தில்."
என்ன மாதம்?
"என் வண்டி ரோட்டில் இருக்க வேண்டிய மாதம்."
முப்பத்தோரு குளிர்காலம் பனி வழித்த டிரைவர்.
கைகளை நீட்டுங்கள், உள்ளங்கை மேலே, கண்ணை மூடுங்கள்.
பத்து எண்ணுவேன்.
"காலியாகவே நிற்கிறதே, காபி எங்கே?" என்பார்.
தாளில் எழுதுவேன்: தெளிவாக இருக்கிறார்.
எரிச்சலுக்கென்று தாளில் கட்டம் இல்லை.

ஏழாம் இரவு, மூன்று மணி.
பெயர்?
"வெய்யோ."
எங்கே?
"ஆஸ்பத்திரி."
என்ன மாதம்?
"நவம்பர்."

எல்லாம் சரி.
பதினைந்துக்குப் பதினைந்து.
கைகள் நின்றன. வலது கை
சற்று யோசித்து நின்றதோ, நான்தான் யோசித்தேனோ.
பேனாவை மூடினேன். திறந்தேன்.
வெளியே மாலையிலிருந்து பனி கொட்டுகிறது.
யார் வழிக்கிறார்கள் என்று
அவர் கேட்கவில்லை.

டாக்டர் சாவோலைனனை எழுப்பினேன்.
"என்ன கோளாறு?"
"சரியாகப் பதில் சொல்கிறார்."
போனில் ஒரு மௌனம்.
பிறகு மாடிப்படியில் காலடிகள்,
இரண்டிரண்டு படியாக.

நெற்றிப்பொட்டில் டாப்ளர் வைத்தார்.
குறுகிய சந்தில் காற்று நுழைவது போல
இடப்பக்கம் சீறியது ரத்தம்.
ஸ்கேன்.
ரத்த அழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றினோம்,
உலகமெல்லாம் இறக்கச் சொல்லும் அந்த எண்ணை.
விடியுமுன் மறுபடி தொடை வழியே போய்
இறுகிய இடத்தில் மருந்தைச் சொட்டவைத்தார்கள்.

இதையெல்லாம் நான்காம் கட்டிலில் இருந்த
இசை ஆசிரியைக்கும் செய்தோம்.
இதே மணிக்கு, இதே அளவில்.
அவள் கட்டிலுக்கு இப்போது புது விரிப்பு.
அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

பத்தாம் நாள்,
என்ன மாதம் என்றேன்.
வார்த்தையைத் தேடி வாய் இரண்டு முறை திறந்தது.
"உன் வீட்டில்... காலண்டர் இல்லையா?"
எய்லா கோட்டைக் கழற்றி
நாற்காலியில் மாட்டினாள்.

இருபத்தோராம் நாள், கடைசி மாத்திரை.
ஜன்னலருகே உட்காரவைத்திருந்தோம்.
ஏரி முழுதும் மூடிவிட்டது,
கறுப்புத் தடம் இல்லை.
நான் திரையை இழுக்கப் போனேன்.
"விடு," என்றார். "இன்னும் தடிக்கட்டும்.
அதன் மேலேயே ரோடு போடலாம்."

இந்தக் குளிர்காலம் வண்டியைத் தொடக் கூடாது
என்று அவரிடம் சொல்வது
பகல் நர்ஸின் வேலை.